லொறிக் கதவில் சுரண்டிய பெயர்

போதும், அண்ணை. இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நேற்று முன்தினம் உங்கள் லொறியைக் கண்டேன். ஒடென்சேயில் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பெரிய வீதியின் சிவப்பு விளக்கில் எனக்கு இடப்பக்கமாக ஒரு லொறி வந்து நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீசலும் பாரத்தை மூடும் நனைந்த படங்குத் துணியும் கலந்த வாசம்தான் முதலில் வந்தது. பிறகு ஏறும் படியில் இருந்த நெளிவு. அது நீங்கள் இருந்த ஹோர்சன்ஸ் நகரத்தின் துறைமுகத்தில் இடித்து, ஒரு கிழமை முழுக்க எனக்குச் சொல்லாமல் மறைத்த நெளிவு.

கதவில் இப்போது ஒரு டெனிஷ் நிறுவனத்தின் பெயர் பச்சை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. பின்னேரம் மூன்று மணி வெயில் சாய்வாகக் கதவில் பட்டது. பச்சை எழுத்துகளுக்குக் கீழே, நிறமே இல்லாமல், மெல்லிய தடம் போல உங்கள் பெயர் தெரிந்தது. மேலே டெனிஷ் எழுத்தில், அதற்குக் கீழே சின்னதாகத் தமிழில். அந்தச் சந்தியில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் நின்றேன். லொறியில் இருந்த இளம் சாரதி நான் தன்னைப் பார்ப்பதாக நினைத்துக் கையைக் காட்டினான். நானும் காட்டினேன். விளக்கு மாறி அவன் போன பிறகும், பின்னால் நின்ற பெண் மணி அடிக்கும்வரை நான் அசையவில்லை.

உங்கள் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். வீட்டில் அக்காவின் கடிதம் இரண்டு கிழமையாக மேசையில் கிடக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லோரிடமும் கேட்டதுபோல் என்னிடமும் கேட்டிருக்கிறார். “நீங்களும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. அவர் உங்களைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறவர்.” அவ்வளவுதான். ஒரு சொல் குற்றம் இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் பதில் எழுதியிருப்பேன். எனக்கு அது இலகு.

மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். மலர்ந்த முகம், உதவும் கரம், ஊர்ப்பற்று. ஆளை மாற்றினாலும் வரி மாறாது. அந்த லொறி யாருடையது என்பதை அவர்களில் ஒருவராலும் எழுத முடியாது. அது என்னால்தான் முடியும். அதனால்தான் இதைத் தொடங்கினேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நாங்கள் அறிமுகமானது பன்றி இறைச்சித் தொழிற்சாலையில். பொதி செய்யும் ஓடுபட்டியின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக நின்றோம். நான் பொருளியல் படித்தவன். ஊரில் ரியூட்டறியில் படிப்பித்தவன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கொம்மூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் ஒரு பெண் என் பட்டச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, கையால் செய்யும் வேலை ஏதும் தெரியுமா என்று கேட்டாள். அவள் கெட்டவள் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். “என்னட்டையும் அதைத்தான் கேட்டவள் மாஸ்ரர். நான் ஓம் தெரியுமெண்டன். அவளுக்குச் சந்தோசம்.” அன்று முதல் நான் உங்களுக்கு மாஸ்ரர் ஆனேன். அந்தத் தொழிற்சாலையில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஆள் நீங்கள் மட்டுமே.

நீங்கள் ஊரில் லொறிக்காரன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் வெங்காயமும் சீமெந்தும் ஏற்றி இறக்கியவர். பாதை இருந்த காலத்தில் ஓடியது பெரிதல்ல. பாதை இல்லாத காலத்திலும் ஓடினீர்கள். தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஆமிக்காரனின் பாஸ், அதைத் தாண்டினால் இயக்கப் பெடியளின் பாஸ், இரண்டுக்கும் முன்னால் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் கடிதம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரி. “லொறிக்காரனுக்கு எஞ்சின் ரெண்டாவது, மாஸ்ரர். முதல் கடதாசி” என்பீர்கள். பட்டியில் இறைச்சிப் பொதி போகப் போக இதையெல்லாம் சொல்வீர்கள். மேற்பார்வையாளன் முறைத்தால், அவனுக்கு விளங்காத தமிழில் அவனுக்கே ஒரு பட்டப்பெயர் வைப்பீர்கள்.

இங்கேயும் சொந்தமாக ஒரு லொறி ஓட வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஓட்டுவதற்கான லைசன்ஸ் எடுத்துவிட்டீர்கள். ஆனால் வாடகைக்குப் பாரம் ஏற்றுவதற்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு வகுப்பு, வகுப்பின் முடிவில் டெனிஷ் மொழியில் எழுத்துச் சோதனை. இரண்டு தரம் எழுதினீர்கள். இரண்டு தரமும் தவறிவிட்டீர்கள். அச்சுப் பாரம், பிரேக் தூரம், கட்டும் கயிற்றின் பலம் எல்லாம் உங்களுக்குக் கைப்பாடம். அரைப் பக்கம் நீளும் அந்தக் கேள்விகளின் வசனங்கள்தான் உங்களை விழுத்தின.

உடை மாற்றும் அறையின் வாங்குப் பலகையில் இருந்தபடி, ரப்பர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு கேட்டீர்கள்.

“மாஸ்ரர், நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோவன்.”

“என்னத்தை?”

“சோதினையை.”

“ஆள் மாறி எழுதினால் மறியலுக்குள்ள போடுவாங்கள் அண்ணை.”

“ஆள் ஏன் மாற வேணும்? உங்கட பேரிலயே எழுதுங்கோ, உங்கட பேரிலயே எடுங்கோ. லொறியையும் உங்கட பேரிலயே பதிவம். நான் ஓடுறன். ஊரில எத்தினை லொறி இப்பிடி ஓடினது. பாஸ் எடுக்கக்கூடிய ஆளின்ர பேரில பாஸ், ஓடக்கூடிய ஆளின்ர கையில ஸ்ரியரிங்.”

ஊரில் அப்படித்தான் நடந்தது. ஒருவன் பெயர் கொடுப்பான், மற்றவன் ஓடுவான், ஊருக்கே லொறி யாருடையது என்று தெரியும். இந்த நாட்டில் அப்படித் தெரிந்துவைத்திருக்க ஊர் இல்லை. பதிவுப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. படித்த எனக்கு அந்த வித்தியாசம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியும் சரி என்றேன்.

ஏன் என்று இத்தனை நாளும் உங்களுக்குச் சொன்னதில்லை. உங்களுக்கு உதவத்தான் என்று நீங்கள் நினைத்தீர்கள். பாதி அதுதான். மறுபாதி, அந்தச் சோதனையில் நான் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தேன். அனுமதிப்பத்திரம் தபாலில் வந்த அன்று அதை நாலு தரம் வாசித்தேன். தொழில் நடத்தத் தகுதியும் நன்னடத்தையும் உள்ளவர் என்று என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த கடதாசிகளில் அப்படி எழுதியிருந்த முதல் கடதாசி அது. லொறி உங்களுக்குக் கிடைத்தது; எனக்கு அந்த வசனம் கிடைத்தது.

நீங்களும் அக்காவும் சேமித்ததில் லொறியை வாங்கினீர்கள். பதிவில் என் பெயர். நீங்கள் என் சாரதி. கடதாசியில் அப்படி. சனிக்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். குசினி மேசையில் ஃபைலைப் பரப்புவோம். வாகனப் பதிவு, வருடப் பரிசோதனைச் சான்று, எடை வரி, பாவனைக்கான வீதி வரி, என் அனுமதிப்பத்திரத்தின் பிரதி. அக்கா தேத்தண்ணியும் றோல்சும் வைத்துவிட்டு, “எண்ணெய்க் கையோட கடதாசியைத் தொடாதேங்கோ” என்று உங்கள் கையைத் தட்டிவிடுவார்.

வீதி வரிதான் உங்களுக்குப் பிடித்தது. பன்னிரண்டு தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு அது கட்டாயம். கட்டிவிட்டால் டென்மார்க்கில் மட்டுமல்ல, சேர்ந்திருக்கிற மற்ற நாடுகளிலும் ஓடலாம் என்று நான் வாசித்துச் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. “ஒரு கடதாசியில ஐஞ்சு நாடோ? ஊரில ஐஞ்சு கட்டை தூரம் போக ஐஞ்சு கடதாசி வேணும்.” பிறகு தாள் முறை போய், எல்லாம் கணினியில் பதிவு என்று வந்தது. உங்களுக்குப் பெரிய கவலை. கையில் ஒன்றும் இல்லாமல் எப்படி மறிக்கிறவன் முன்னால் நிற்பது என்றீர்கள். அவனுடைய கணினியில் தெரியும் என்றேன். கணினி பழுதென்றால் என்றீர்கள். கடைசியில் பதிவுப் பக்கத்தை நான் அச்செடுத்துத் தர, அதை முருகன் படத்தோடு சேர்த்து வெயில் மறைப்பில் செருகினீர்கள். ஆயுத பூசைக்கு எல்லாக் கடதாசிக்கும் சந்தனம் வைத்தீர்கள். நான் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன்; அரசாங்கக் கடதாசிக்குப் பொட்டு வைக்கிறீர்களே என்று ஏசினேன். “அதுகும் எனக்குச் சோறு போடுற ஆயுதம்தானே” என்றீர்கள்.

கதவில் பெயர் எழுதியது முதல் கோடையில். நான் சனிக்கிழமை வந்தபோது லொறி உங்கள் மாடிவீட்டின் வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. நடைபாதைப் பக்கத்துக் கதவில், நீங்களே தூரிகையால், நிழல் வைத்த எழுத்தில் உங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள். ஊர் லொறிகளில் இருப்பதுபோல்: உரிமையாளர் பெயர், கீழே ஹோர்சன்ஸ். அதற்கும் கீழே தமிழில் ஒருமுறை. கையில் பெயின்ற் காயாமல் நின்று, எப்படி என்று கேட்டீர்கள்.

பெயர் போடுவதானால் அனுமதி வைத்திருப்பவரின் பெயரைத்தான் போட வேண்டும். மறித்தால் முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடும். அனுமதியை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தவன் என்று என் நன்னடத்தை போய்விடும், உங்கள் லொறியும் நின்றுவிடும். இதையெல்லாம் தரிப்பிடத்தில் நின்றே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன்.

“பேர் இல்லாத லொறி களவு லொறி, மாஸ்ரர்.”

“பேர் இருக்கும் அண்ணை. என்ர பேர் இருக்கும்.”

உள்ளே போய்ச் சவர அலகு எடுத்துவந்து, பாதி காய்ந்திருந்த உங்கள் பெயரை நீங்களே சுரண்டினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த கிழமை என் பெயரை வெள்ளை ஒட்டெழுத்தில் செய்வித்துக் கொண்டுவந்தேன். அதைக் குமிழி வராமல் ஒட்டியதும் நீங்கள்தான். “மாஸ்ரருக்கு வடிவான பேர்” என்றீர்கள். அது நக்கல்தான். அதற்காக நான் சில நாள் உங்களோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஆனாலும் நல்ல காலம் அது. மூன்று வருடம் ஓடினீர்கள். மரம், கோழித்தீவனம், யன்னல் கண்ணாடி. எத்தனையோ முறை மறித்தார்கள். ஒருமுறைகூட ஒரு கடதாசி குறையவில்லை. நான் தொழிற்சாலையை விட்டு ஒரு களஞ்சியத்தில் எழுத்து வேலைக்குப் போனேன். சனிக்கிழமை றோல்ஸ் மட்டும் மாறவில்லை.

பிறகு ஊரில் போர் முடிந்த அந்த வருடம் வந்தது.

உங்கள் தங்கை, கணவன், இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் இருந்தார். தை மாதத்தில் ஒருமுறை கதைத்தார், புதுக்குடியிருப்புப் பக்கம் என்று. அதன்பின் ஒன்றும் இல்லை. மாசி, பங்குனி, சித்திரை முழுக்க நீங்கள் தொலைபேசியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் ஓடினீர்கள். வார இறுதியில் பஸ்ஸில், போரை நிறுத்தச் சொல்லும் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போவீர்கள். திங்கள் காலை ஸ்ரியரிங். நான் ஒரு ஊர்வலத்துக்கும் வரவில்லை. எனக்கு அந்தப் போரில் எல்லாத் தரப்பிலும் கோபம் இருந்தது. நீங்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒருநாள் மட்டும் கேட்டீர்கள்: “மாஸ்ரர், உங்களுக்கு அங்க ஒருத்தரும் இல்லையோ?” இல்லை என்றேன். “அதுகும் நல்லதுதான்” என்றீர்கள்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை வரவேண்டாம் என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். நீங்கள் சாப்பிடுவதில்லை, கதைப்பதில்லை, ஆனால் வேலைக்குப் போகிறீர்கள் என்றார். நான் வராமலே விட்டேன். வந்திருந்தால் தரிப்பிடத்தில் லொறியைப் பார்த்திருப்பேன்.

என் பெயரை நீங்கள் உரித்துவிட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் உங்கள் பெயரை மறுபடியும் எழுதியிருந்தீர்கள். அதே நிழல் எழுத்து, அதே தமிழ். ஏன் எழுதினீர்கள் என்று அக்கா பிறகு சொன்னார். “எங்கட ஆக்களின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லாமல் போட்டுது. இந்தக் கதவிலயாவது ஒண்டு கிடக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே எழுதினீர்களாம்.

அடுத்த புதன்கிழமை ஒடென்சேக்கு இப்பால், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் உங்களை மறித்தார்கள். காலை பத்து மணி இருக்கும். நான் களஞ்சியத்தில் பொதிகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மரியாதையான குரல். பொலிஸ் அதிகாரி. “அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது” என்றார். “வாகனப் பதிவும் வீதி வரிப் பதிவும் உங்கள் பெயரில்தான். கதவில் வேறு பெயர். அது யாருடைய பெயர் என்று சாரதியைக் கேட்டேன், தன்னுடையது என்கிறார். லொறி யாருடையது என்று கேட்டேன், அதுவும் தன்னுடையது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

என்னுடையது என்றேன்.

யோசித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் யோசித்துச் சொன்னது. அவர் என்னிடம் வேலை செய்பவர் என்றேன். அவருடைய தங்கை குடும்பம் இலங்கைப் போரில் அகப்பட்டுவிட்டது, உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது, இந்தக் கிழமை அவர் தன் நிலையில் இல்லை, அதனால்தான் கதவில் அப்படி எழுதியிருப்பார், என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது என்றேன். நல்ல டெனிஷ் மொழியில் சொன்னேன். அந்த மொழியை நான் அவ்வளவு பிழையில்லாமல் கதைத்த நாள் வேறில்லை.

அதிகாரியின் குரல் இளகியது. விளங்குகிறது என்றார். பெயரை அகற்றிவிடுங்கள், வேறு நடவடிக்கை இல்லை என்றார். பிறகு தொலைபேசியை அணைக்காமலே உங்கள் பக்கம் திரும்பி, உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். “லொறி தன்னுடையது என்று உங்கள் முதலாளி சொல்கிறார். உங்கள் தங்கையின் விடயத்தையும் சொன்னார். நானும் வருந்துகிறேன். உங்களுக்கு ஓய்வு தேவை.”

நீங்கள் “ஓகே” என்றது எனக்குக் கேட்டது.

இதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது, அண்ணை. இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் உண்மை சொல்லியிருந்தால் லொறி அங்கேயே நின்றிருக்கும். இலக்கத்தகட்டைக் கழற்றியிருப்பார்கள். வழக்கு இருவர் மேலும் வந்திருக்கும். உங்கள் லொறியைக் காப்பாற்ற ஒரே வழி அது என்னுடையது என்பதுதான். எனக்கும் உங்கள் மேல் கோபம் இருந்தது. எனக்குச் சொல்லாமல் என் பெயரை உரித்தீர்கள், கேட்டதும் உண்மையைச் சொல்லி என்னை மாட்டிவிட்டீர்கள். இதையெல்லாம் ஒரு வழக்கறிஞர் முன்னால் வைத்தால் நான்தான் வெல்வேன். ஆனால் என்னுடையது என்று சொன்ன அந்த முதல் கணத்தில் என் மனதில் உங்கள் லொறி இருக்கவில்லை. தகுதியும் நன்னடத்தையும் உள்ளவர் என்ற அந்த வசனம்தான் இருந்தது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

சனிக்கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். வழமையாக நான்தான் உங்களிடம் வருவேன். ஃபைலையும் இரண்டு சாவியையும் மேசையில் வைத்தீர்கள். யன்னலால் பார்த்தேன், லொறி கீழே நின்றது, கதவு சுரண்டித் துடைத்திருந்தது.

“எல்லாம் இருக்கு, பாருங்கோ. பதிவு, வரி, பேமிட்.”

“அண்ணை, லொறியைக் காப்பாத்தத்தான் நான் அப்பிடிச் சொன்னனான்.”

“ஓம். தெரியும்.”

“பிறகென்ன?”

நீங்கள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், இருக்கவில்லை. “அவன் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கேக்க எனக்குக் கொஞ்சமும் பயமில்லை, மாஸ்ரர். மாஸ்ரர் சொல்லுவார் எண்டு நிண்டனான். நல்ல டெனிஷில சொல்லுவார் எண்டு.” பிறகு வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல், “தங்கச்சியை இழுத்திருக்க வேண்டாம்” என்றீர்கள்.

பஸ்ஸில் போனீர்கள். தரிப்பில் நீங்கள் நிற்பதை யன்னலால் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம்.

நீங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டீர்கள். லொறி ஒரு மாதம் என் தரிப்பிடத்தில் நின்றது. பதிவை நீக்கி, அனுமதிப்பத்திரத்தைத் திருப்பி அனுப்பி, லொறியை விற்றேன். காசு முழுவதையும் அக்காவின் கையில் கொடுத்தேன். அதில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

ஹோர்சன்ஸில் கதை பரவியது. பொலிஸ் மறித்தது, நீங்கள் லொறி உங்களுடையது என்றது, நான் இல்லை, என்னுடையது என்றது. தமிழ்ப் பள்ளித் தலைவர் ஒரு பிறந்தநாள் விழாவில், நான் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போதே சொன்னார்: “படிச்ச மனுசன் இரக்கப்பட்டு வேலை குடுத்தார். அந்தாள் லொறியையே தன்ர எண்டிட்டுது.” அந்தத் தலைவரை எனக்கு எப்போதும் பிடிக்காது. என் டெனிஷைத் தன் விண்ணப்பங்களுக்குப் பாவித்துவிட்டு, மேடையில் ஒருநாளும் என் பெயரைச் சொல்லாதவர். அன்று முதல் தடவையாக என்னை நாலு பேர் முன்னால் புகழ்ந்தார். நான் சொன்னதெல்லாம், “விடுங்கோ, முடிஞ்ச கதை.” அதை அவர்கள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் மறுக்கவில்லை. உங்களிடம் கேட்டவர்களுக்கு, “மாஸ்ரர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றீர்களாம். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஒடென்சேக்கு வீடு மாறினேன். வேலை கிட்ட என்று எல்லோருக்கும் சொன்னேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள்.

“மாஸ்ரர், தங்கச்சி இருக்கிறாள். செட்டிகுளம் முகாமில. பிள்ளையளும் இருக்கினம். மனுசனைத்தான் காணேல்ல. ஒராள் பதிவுப் புத்தகத்தைப் பாத்தவராம், அதில அவளின்ர பேர் இருக்காம்.”

“நல்லது அண்ணை” என்றேன்.

அதன்பின் நீங்கள் தொலைபேசியை வைக்கவில்லை. உங்கள் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நீங்கள் காத்துக்கொண்டு நின்றீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது நாவில் இருந்தது. மன்னியுங்கள் என்றுகூட இல்லை. லொறி உங்கட என்ற இரண்டு சொல். அதைச் சொல்வதற்கு நீங்களே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் மழை பற்றி ஏதோ கேட்டேன். இங்கேயும் மழைதான் என்றீர்கள். பிறகு, “சரி மாஸ்ரர், வைக்கிறன்.”

ஐப்பசியில், தொழிற்சாலையின் உடை மாற்றும் அறையில், நீங்கள் என்னிடம் பெயர் கேட்ட அதே வாங்குப் பலகையில், உங்கள் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

இறுதிச் சடங்கில் தலைவர் என் கையைப் பிடித்து, நடந்ததெல்லாவற்றையும் மறந்து வந்திருக்கிறீர்களே என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நீங்கள் தொலைபேசியில் காத்திருந்ததுபோல் அவரும் காத்திருந்தார். நான் அங்கேயும் வாய் திறக்கவில்லை. அவர் பிறகு கடிதத்தில் கேட்ட இரண்டு பக்கம் எது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபைல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெயில் மறைப்பில் நீங்கள் செருகிய அந்த வீதி வரித் தாளும் அதற்குள் கிடக்கிறது. காலம் முடிந்துவிட்டது, சந்தனப் பொட்டு மட்டும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதை வைத்திருப்பது பாரமில்லை. அந்த ஞாயிறு காலை நீங்கள் தொலைபேசியில் காத்திருந்த நேரத்தைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். அரை நிமிடம் இருக்குமா? களஞ்சியத்தில், சைக்கிளில், சந்தியில், எங்கே சத்தம் அடங்கினாலும் அது வந்துவிடுகிறது.

ஆகவே, வாசிக்கிற எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். அந்த லொறி உங்களுடையது. வாங்கியது நீங்கள், ஓடியது நீங்கள், கழுவியது நீங்கள். அதிகாரி கேட்டபோது நீங்கள் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். பெயர் கொடுத்தவனை நீங்கள் ஏமாற்றவில்லை. பெயர் கொடுத்தவன்தான் உங்களை நடு வீதியில் விட்டான். உங்கள் நிலை அன்று தெளிவாகவே இருந்தது, அண்ணை. தங்கை உயிரோடு இருக்கிறாளோ தெரியாத அந்தக் கிழமையிலும் தெளிவாக இருந்தது.

கீழே கையெழுத்துப் போடப் பேனையைக் கொண்டுபோனேன். பிறகு நிறுத்திவிட்டேன். பயம் துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. பதிவிலும் வரியிலும் அனுமதியிலும் கதவிலும் என் பெயரைப் போட்டுப் போட்டுத்தான் உங்கள் லொறி என்னுடையதாயிற்று. இதிலும் போட்டால் இதையும் மாஸ்ரரின் பெரிய மனம் என்று ஆக்கிவிடுவார்கள். அக்காவுக்கு என் எழுத்துத் தெரியும். அவர் யாருக்குச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில், பெயர் போடாமலே இதைத் தபாற்பெட்டியில் போடுகிறேன்.

மலரின் அட்டையில் உங்கள் பெயர் இருக்கும். இந்த முறை அதற்குப் பக்கத்தில் வேறு பெயர் வேண்டாம்.